சாம்பலா, மஞ்சளா? ஜேர்மன் யுத்த டாங்கி மாதிரிகளுக்கு வர்ணம் தெரிவு செய்தல்

மேசையின் மேல் ஒரு கடதாசிப் பெட்டி. அதனுள்ளே பிளாஸ்டிக்கினால் வார்க்கப்பட்ட சிறு துண்டுகள் பல. சில நாட் பொறுமையுடன் அவற்றை வெட்டி, அராவி, பசையிட்டு ஒட்டினால், இரண்டாம் உலக மகாயுத்தத்திலே ஐரோப்பாவை நடுங்க வைத்த ஜேர்மன் யுத்த டாங்கியொன்று ஒரு சாண் நீளத்தில் நம் முன்னே வந்து நிற்கும். இதுவரை வேலை எளிது. எந்தத் துண்டை எங்கே ஒட்டவேண்டும் என்பதைப் பெட்டியுடன் வந்த வழிகாட்டித் தாள் இலக்கமிட்டுக் காட்டிவிடுகின்றது. தொல்லை அதன் பின்னரே தொடங்குகின்றது. அதற்கு என்ன நிறம் பூசுவது?

தந்தையாரிடம் கேட்டால், "சாம்பல் நிறந்தான்; பழைய படங்களிலெல்லாம் அப்படித்தானே இருக்கின்றது" என்பார். மூத்த தமையன், "இல்லை ஐயா, மஞ்சள், நான் புத்தகத்திலே பார்த்தேன்" என்பான். பெட்டியின் மேலுள்ள ஓவியமோ மஞ்சளின் மீது பச்சையும் கபிலமும் அலையலையாய் ஓடக் காட்டும். இம்மூவரில் யார் சொல்வது மெய்? விசாரித்துப் பார்த்தால் மூவர் சொல்வதும் மெய்யே என்பது தெரியவரும். எந்த ஆண்டு, எந்தப் போர்முனை என்று கேளாமலே விடை கூறியதுதான் அவர்கள் செய்த பிழை.

விளையாட்டுப் பொருளொன்றின் நிறத்துக்கு இத்துணை ஆராய்ச்சி எதற்கு என்று நேயர்கள் சிலர் நகைக்கலாம். நாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம். ஆயினும், ஆராயப் புகுந்த பின்னர் ஓர் உண்மை புலனாயிற்று. டாங்கியின் நிறம் அழகுக்காகப் பூசப்பட்டதன்று. யுத்தம் எங்கே நடந்தது, எப்படி நடந்தது, யார் கை ஓங்கியிருந்தது, யார் கை தாழ்ந்தது என்னும் கதை முழுவதும் அந்த மெல்லிய பூச்சிலே எழுதப்பட்டிருக்கின்றது. அதனைச் சரியாக வாசிக்கக் கற்ற மாணவன், சரித்திரத்தைச் சாட்சியங்களைக் கொண்டு எடைபோடும் வித்தையையும் கூடவே கற்றுக்கொள்கின்றான்.

நிறத்துக்கு இலக்கமிட்ட குழு

முதலிலே ஒரு சிறு சங்கதியை அறிந்துகொள்ளல் வேண்டும். "பச்சை" என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் மனத்திலே தோன்றுவது வாழையிலையின் பச்சையா, வேப்பிலையின் பச்சையா, கிளியின் பச்சையா? வீட்டுக்குக் கதவு பூசும்போது இது பெரிய விடயமன்று. ஆனால் பல தொழிற்சாலைகளிலிருந்து பொருள் வாங்கும் ஓர் அரசுக்கு இது பெருந்தலையிடி. இதைத் தீர்ப்பதற்காக ஜேர்மனியிலே 1925ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட அரச விநியோக நிபந்தனைக் குழு, 1927இல் 40 நிறங்களைத் தெரிந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கமும் மாதிரி அட்டையும் வகுத்தது. அக்குழுவின் ஜேர்மன் பெயரின் முதலெழுத்துக்களே "ரால்" என்பது. பின்னர் நிறங்கள் பெருகின. இலக்கங்களும் நான்கு தானங்கள் கொண்டவையாயின. ரால் நிறவரிசை இன்றும் உலகெங்கும் வழக்கில் உள்ளது.

டாங்கிகளுக்கு நிறம் பூசுமாறு இராணுவ மேலிடம் பிறப்பித்த கட்டளைகளிலே இந்த இலக்கங்களே காணப்படுகின்றன. ஆதலால் மாதிரி செய்வோரும் அவற்றையே பிடித்துக்கொள்கின்றனர். ஆயினும் இதிலும் ஒரு கண்ணி உண்டு. காலப்போக்கில் இலக்கம் நிலைத்திருக்க, பெயர் மாறிவிடுவதுண்டு. அன்று "கடுஞ் சாம்பல்" எனப்பட்ட 7021 என்னும் இலக்கம் இன்றைய அட்டவணையிலே "கருஞ் சாம்பல்" எனப்படுகின்றது. அன்று டாங்கிகளுக்குரிய "செங் கபிலம்" எனப்பட்ட 8017 இன்று "சொக்கலேற் கபிலம்". யுத்தத்தின் பிற்பகுதியில் எல்லாக் கவச வாகனங்களுக்கும் அடிநிறமாய் விளங்கிய 7028 என்னும் "கடும் மஞ்சள்" இன்றைய அட்டவணையில் இல்லவே இல்லை. அந்த இலக்கத்தை நேயர்கள் இன்னொரு முறை நோக்குக. ரால் வரிசையிலே ஏழாயிரத்திலே தொடங்குபவை சாம்பல் நிறங்கள். மஞ்சள் என்று பெயர் கொண்ட நிறம் சாம்பல்களின் வரிசையிலே அமர்ந்திருக்கின்றது. அது எலுமிச்சம்பழத்தின் மஞ்சளன்று, சாம்பலும் பச்சையும் கலந்த மங்கிய மண்ணிற மஞ்சள் என்பதற்கு இதுவே போதிய குறிப்பாகும்.

கட்டளைகள் சொல்லும் கதை

இனி ஆண்டு வரிசையாகப் பார்ப்போம். 1930களின் நடுப்பகுதிவரை ஜேர்மன் இராணுவ வாகனங்களுக்கு மண் மஞ்சள், பச்சை, கபிலம் என்னும் மூன்று நிறங்கள் திட்டுத்திட்டாகப் பூசப்பட்டன. 1937இல் புதிய கட்டளை பிறந்தது. அதன்படி கடுஞ் சாம்பலை அடிநிறமாகப் பூசி, வாகனத்தின் மூன்றில் ஒரு பங்களவுக்குக் கடுங் கபிலத்தைத் திட்டுக்களாக இடல் வேண்டும். 1939 செப்டெம்பரிலே போலந்தினுள் நுழைந்தபோதும், 1940 மே மாதத்திலே பிரான்சின் மீது பாய்ந்தபோதும், நடைமுறையில் இருந்த விதி இதுவே. 1940 யூலை மாத இறுதியிலேதான் கபிலத்தை நீக்கிக் கடுஞ் சாம்பல் ஒன்றையே பூசுமாறு கட்டளை வந்தது.

இங்கே நாம் சற்று நின்று சிந்தித்தல் தகும். யுத்தம் முடிந்து பல பத்தாண்டுகள் வரையில், போலந்துப் போரின் டாங்கி என்றால் அது வெறுஞ் சாம்பல் நிறமுடையது என்றே நூல்களும் மாதிரிப் பெட்டிகளும் சொல்லி வந்தன. பழைய புகைப்படங்களிலே எவருடைய கண்ணுக்கும் இரண்டாவது நிறம் தென்படவில்லை என்பதே காரணம். கடுஞ் சாம்பலும் கடுங் கபிலமும் ஏறக்குறைய ஒரே அளவு இருண்டவை. கறுப்பு வெள்ளைப் படத்திலே இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. பழைய கட்டளைகளை ஆய்வாளர்கள் தேடிப் படித்த பின்னர், அதே புகைப்படங்களை மீண்டும் உற்று நோக்கியபோது, சிலவற்றிலே மங்கலான திட்டுக்கள் புலப்பட்டன. படம் மாறவில்லை, பார்த்தவரின் அறிவே மாறியது.

அந்தப் போலந்துப் போரிலேயே இன்னொரு பாடமும் கிடைத்தது. டாங்கிகளின் கோபுரங்களில் ஜேர்மானியர் பெரிய வெள்ளைச் சிலுவைக் குறிகளை இட்டிருந்தனர். தம்மவர் தம்மை அறிந்துகொள்ளவே அவை இடப்பட்டன. ஆனால் போலந்துப் பீரங்கி வீரருக்கு அவையே குறிபார்க்க வாய்த்த நல்ல அடையாளங்களாயின. டாங்கியிலிருந்தோர் சேற்றை அள்ளி அக்குறிகளின் மேல் அப்பினர். பின்னர், விளிம்பு மாத்திரம் வெண்மையாக உள்ள சிறிய சிலுவை வழக்குக்கு வந்தது. ஆதலின், 1939ஆம் ஆண்டு டாங்கி செய்பவர் வெள்ளைச் சிலுவையை ஒட்டியபின் அதன்மேல் சிறிது சேற்று நிறத்தைத் தடவினாலும் அது பிழையாகாது.

1941இன் தொடக்கத்தில் ஜேர்மன் படைகள் வட ஆபிரிக்காவிலே திரிப்போலித் துறைமுகத்தில் இறங்கின. ஐரோப்பியக் காடுகளின் நிழலுக்கென்று பூசப்பட்ட கடுஞ் சாம்பல், பாலைவனத்து மணலிலே கரும்புள்ளி போலத் துலங்கிற்று. அவ்வாண்டு மார்ச் மாதத்திலே மஞ்சட் கபிலமும் சாம்பற் பச்சையும் ஆபிரிக்காவுக்கென விதிக்கப்பட்டன. முன்னது மூன்றில் இரண்டு பங்கு, பின்னது ஒரு பங்கு. அவற்றின் இலக்கங்கள் முறையே 8000, 7008. 1942 மார்ச் மாதத்தில் இவற்றுக்குப் பதிலாக வேறு ஒரு கபிலமும் வேறு ஒரு சாம்பலும் விதிக்கப்பட்டன. கட்டளை காகிதத்தில் வந்துவிட்டது என்பதற்காகப் பூச்சு உடனே கப்பலேறி வந்துவிடுமோ? கையிலிருந்ததைப் பூசித் தீர்த்த பின்னரே புதியது பூசப்பட்டது. ஆகவே ஆபிரிக்க டாங்கிகளில் எது எந்த நிறமென்பது இன்றும் விவாதத்துக்கு இடமாயிருக்கின்றது.

கிழக்கிலே வேறொரு சோதனை காத்திருந்தது. 1941ஆம் ஆண்டின் மாரிகாலம் சோவியத் நாட்டிலே வெண்பனியுடன் வந்திறங்கியபோது, கடுஞ் சாம்பல் டாங்கிகள் வெண்பனியிலே நெடுந்தூரம் வரை கண்ணுக்குத் தெரிந்தன. சுண்ணாம்பு, கழுவினால் நீங்கும் வெள்ளைப் பூச்சு என்று கிடைத்ததையெல்லாம் தூரிகையாலும் துடைப்பத்தாலும் அப்பினர். அது நாளடைவில் உரிந்து, கீழிருந்த சாம்பல் வெளிப்பட்டது. மாரிகால டாங்கியை மாதிரியாகச் செய்வோர் வெள்ளை நிறத்தைச் சீராகப் பூசி முடித்துவிட்டு, "அழகாக வந்துவிட்டது" என்று மகிழ்வராயின், அது உண்மைக்குப் புறம்பாகும்.

மஞ்சள் வந்த நாள்

1943 பெப்ரவரி 18ஆம் நாளை மாதிரி செய்வோர் நினைவில் வைத்தல் நன்று. அன்று வந்த கட்டளைதான் சாம்பலின் ஆட்சியை முடித்து வைத்தது. அதன்பின் தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் டாங்கிகளுக்கு அடிநிறம் கடும் மஞ்சள். அதற்கு மேலே இடவேண்டிய செங்கபிலமும் ஒலிவப் பச்சையும் தடித்த களிம்பாகத் தகரங்களில் அடைக்கப்பட்டுப் படைப்பிரிவுகளுக்கு அனுப்பப்பட்டன. வீரர் தாமே அதைப் பெற்றோலிலோ நீரிலோ கரைத்து, தாம் நிற்கும் நிலத்துக்கு ஏற்றவாறு பூசிக்கொள்ள வேண்டும்.

இந்த ஒரு செய்தியினால் எத்தனை விளைவுகள் என்று பாருங்கள். ஒரு படைப்பிரிவு கோதுமை வயலிலே நின்றது. மற்றொன்று காட்டோரத்திலே நின்றது. ஒருவரிடம் விசிறிப் பூசும் கருவி இருந்தது. மற்றவரிடம் துடைப்பமும் பழந்துணியுமே இருந்தன. ஒருவர் களிம்பைத் தடிப்பாகக் கரைத்தார். மற்றவர் நீர்க்கக் கரைத்தார். ஆகவே ஒரே தொழிற்சாலையில் ஒரே வாரத்தில் பிறந்த இரண்டு டாங்கிகள் ஒரு மாதத்தின் பின் உடன்பிறந்தவை என்று சொல்லமுடியாத அளவுக்கு வேறுபட்டிருத்தல் கூடும். "இந்தப் பச்சை சரியான பச்சையா?" என்று ஒருவர் மற்றவரைக் கண்டிக்கப் புகுமுன் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இந்த நாளைக் கொண்டு வேறு சில முடிவுகளையும் நாமே கட்டிக்கொள்ளலாம். டைகர் டாங்கி முதன்முதலாகப் போர்முனைக்கு வந்தது 1942ஆம் ஆண்டின் பிற்பகுதியில், லெனின்கிராட் நகருக்கு அண்மையில். ஆகவே முற்கால டைகருக்குச் சாம்பல் பொருந்தும். பாந்தர் டாங்கியோ 1943 யூலை மாதத்திலே கூர்ஸ்க் பெரும்போரிலேதான் முதன்முதலாகக் களம் கண்டது. ஆகவே சாம்பல் நிறப் பாந்தரைப் போர்க்களக் காட்சியிலே வைப்பவர் அதற்குச் சான்று காட்டவேண்டியவராவர். 1944இல் களத்துக்கு வந்த கிங் டைகருக்குச் சாம்பல் பூசுவது, பேரனின் கலியாணப் படத்திலே, அவன் பிறக்குமுன் இறந்த பாட்டனாரை நிறுத்துவது போன்றது.

1944இன் நடுப்பகுதியிலே வானத்தில் நேச நாடுகளின் விமானங்கள் ஆதிக்கம் பெற்றன. மரநிழலிலே பதுங்குவதே ஜேர்மன் டாங்கிகளுக்கு வாழ்வாயிற்று. இலைகளுக்கூடாக ஒழுகும் வெயிற் புள்ளிகளைப் போல, மஞ்சள், பச்சை, கபிலத் திட்டுக்களின் மேல் சிறு சிறு புள்ளிகளைத் தொழிற்சாலையிலேயே இடும் முறை அவ்வாண்டு ஓகஸ்ட் மாதமளவில் தோன்றியது. அதே காலத்திலேதான் மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. காந்தக் குண்டுகள் ஒட்டாதிருக்கும் பொருட்டு 1943இன் பிற்பகுதி தொடக்கம் டாங்கியின் மேலே வரிவரியாகத் தடவப்பட்டு வந்த "சிம்மெரிற்" என்னும் காரைப்பூச்சு 1944 செப்டெம்பருடன் நிறுத்தப்பட்டது. மாதிரியிலே அவ்வரிகள் உண்டா இல்லையா என்பதைப் பார்த்தே டாங்கியின் காலத்தை ஓரளவு கணிக்கலாம்; காலம் தெரிந்தால் நிறம் தெரியும்.

அவ்வாண்டின் இறுதிக்குள் கஷ்டம் முற்றியது. துருப்பிடியாதிருக்கப் பூசும் செந்நிற அடிப்பூச்சின் மேலேயே மற்ற நிறங்களைச் சிக்கனமாய்ப் பட்டைகளாக இழுத்துவிட்டு டாங்கிகளை அனுப்பத் தொடங்கினர். 1945இன் இறுதி மாதங்களிலே எந்தத் தொழிற்சாலை எதனைப் பூசியது, பச்சையை அடிநிறமாகக் கொண்டவை எத்தனை என்பது பற்றி ஆய்வாளர் இன்றும் வாதிட்டுக்கொண்டிருக்கின்றனர். 1937இல் அளவுகோல் வைத்தாற்போல் மூன்றில் ஒரு பங்கு என்று விதித்த அரசின் டாங்கி, 1945இலே அடிப்பூச்சு தெரிய அரைகுறையாய்ப் போருக்குச் சென்றது. ஓர் ஆட்சியின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று வேறென்ன வேண்டும்?

சாட்சிகளை விசாரித்தல்

நிறத்தைத் தெரிவதற்கு நமக்குள்ள சாட்சிகள் மூன்று: புகைப்படம், எஞ்சிய டாங்கி, எழுத்திலுள்ள கட்டளை. மூன்றும் ஒவ்வொரு விதத்தில் நம்மை ஏமாற்ற வல்லவை.

புகைப்படத்தை எடுத்துக்கொள்வோம். கறுப்பு வெள்ளைப் படச்சுருளிலே இரு வகை இருந்தன. ஒரு வகை சிவப்பொளியை உணராதது; அதிலே செந்நிறம் கறுப்பாகவே விழும். மற்ற வகை எல்லா நிறங்களையும் உணர்வது. அதிலே அதே செந்நிறம் வேறொரு சாம்பலாக விழும். எந்தச் சுருளிலே எடுத்தது என்று தெரியாமல், "இந்த இடம் இருண்டிருக்கின்றது, ஆகவே இது பச்சை" என்று எப்படித் துணிவது? இன்னும், அந்த இடம் நனைந்திருந்ததா, புழுதி படிந்திருந்ததா, நிழல் விழுந்ததா என்பவற்றையும் பார்க்கவேண்டும். வர்ணப் படங்களும் அக்காலத்தில் எடுக்கப்பட்டன. அக்பா கம்பனியாரின் வர்ணச் சுருள் 1936இலேயே விற்பனைக்கு வந்துவிட்டது. ஆனால் எட்டுப் பத்து ஆண்டுகள் கழிந்த வர்ணப் படமே நிறம் மாறிவிடுமாயின், எண்பது ஆண்டு கடந்ததை எவ்வளவுக்கு நம்புவது?

எஞ்சிய டாங்கிகளைப் பார்ப்போம். 1943 ஏப்ரில் மாதத்திலே துனீசியாவில் பிரித்தானியப் படையினர் கைப்பற்றிய டைகர் ஒன்று, இன்று இங்கிலாந்தின் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்திலே இருக்கின்றது. கோபுரத்திலுள்ள 131 என்னும் இலக்கமே அதன் பெயராகிவிட்டது. நெடுங்காலத் திருத்த வேலையின் பின்னர் 2003ஆம் ஆண்டு தொடக்கம் அது தன் சொந்தப் பலத்திலேயே ஓடத்தக்கதாயிற்று. 2014இல் வெளிவந்த "பியூரி" என்னும் திரைப்படத்திலே தோன்றியதும் அதுவே. ஆயினும் இன்று அதன் மேலே நாம் காணும் பூச்சு 1943இலே பூசப்பட்டதன்று. பின்வந்தோர் ஆராய்ந்து பூசியது. உலகெங்கும் அருங்காட்சியகங்களில் உள்ள டாங்கிகளுட் பெரும்பாலானவற்றின் நிலையும் இதுவே. மழையும் வெயிலும் பட்டு, திரும்பத் திரும்பப் பூசப்பட்ட தகட்டின் மேற்றோலைப் பார்த்துத் தீர்ப்புக் கூறலாகாது. வெயிலும் தூரிகையும் எட்டாத மூலை முடுக்குகளிலே ஒளிந்திருக்கும் பழைய பூச்சே நம்பத்தக்க சாட்சி.

கட்டளையோ, என்ன செய்யவேண்டும் என்று சொல்லுமேயன்றி, என்ன செய்யப்பட்டது என்று சொல்லாது. ஆகவே மூன்றையும் அருகருகே வைத்து, ஒன்று தடுமாறும் இடத்திலே மற்றொன்றைக் கேட்டு, பொருந்துவதை ஏற்பதே முறை. நீதிமன்றத்திலே நியாயவாதி செய்வதும், சரித்திர ஆசிரியர் செய்வதும், மேசையோரத்திலே தூரிகையுடன் இருக்கும் மாணவன் செய்யவேண்டியதும் ஒன்றே.

சிறிய உருவும் பெரிய வெயிலும்

சரியான நிறம் இன்னதென்று தெரிந்துவிட்டது. அந்நிறத்தையே ஒரு போத்தலில் வாங்கிப் பூசிவிட்டால் போதுமா? போதாது என்பதே அனுபவஸ்தர் கூறும் விடை.

மாதிரி உலகிலே மிகப் பரவிய அளவுத்திட்டம் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. இந்த விசித்திர எண் எப்படி வந்தது? யப்பானின் சிசுவோக்கா நகரத்துத் தமியா கம்பனியார் 1960களின் தொடக்கத்திலே பாந்தர் டாங்கியின் மாதிரியைச் செய்தபோது, அதனுள்ளே மோட்டாரும் இரண்டு பற்றரிகளும் அடங்கவேண்டும் என்று உருவை அமைத்தனர். பின்னர் அளந்து பார்த்தபோது அது ஏறக்குறைய முப்பத்தைந்தில் ஒரு பங்காக இருந்தது. பற்றரியின் பருமனே உலக வழக்கை வகுத்துவிட்டது! பீரங்கியுடன் சேர்த்து 8.45 மீற்றர் நீளமுள்ள டைகர் இந்த அளவிலே 24 சென்ரிமீற்றராகின்றது.

இம்மாதிரியை 30 சென்ரிமீற்றர் தூரத்திலிருந்து பார்ப்பது, மெய்யான டாங்கியைப் பத்தரை மீற்றர் தூரத்திலிருந்து பார்ப்பதற்குச் சமம். தூரத்து மலை நீலமாய் வெளிறித் தோன்றுவது போல, டாங்கியின் நிறமும் தூரத்தால் வெளிறும், ஆகவே மாதிரிக்கு வெளிறிய நிறம் வேண்டும் என்று சிலர் கூறுவர். பத்தரை மீற்றர் என்பது தெருவுக்கு அப்பால் உள்ள வேலிவரைதான். அவ்வளவு தூரத்துக் காற்று எந்த நிறத்தையும் வெளிறச் செய்யாது. ஆனால் முடிவு சரியானதே; காரணம் வேறு. மெய்யான டாங்கி திறந்த வெளியிலே வெயிலில் நின்றது. நம் மாதிரியோ வீட்டினுள்ளே விளக்கொளியில் நிற்கின்றது. வெயிலின் ஒளியிலே எத்தனையோ பங்கு குறைந்தது நம் விளக்கின் ஒளி. ஆகவே அளவாகச் செய்த கடுஞ் சாம்பல், மாதிரியிலே கரியாகத் தோன்றி, ஆணியும் மூட்டும் கண்ணுக்குப் படாமற் போகின்றன. சிறிது வெண்மை கலந்து வெளிறச் செய்தாலே கண்ணுக்கு அது மெய்யாகப் படும்.

தொடங்குவோருக்குச் சில வழிகள்

மாணவ நேயர்களுக்குப் பயன்படும் பொருட்டுச் சில குறிப்புக்களை இங்கே தருகின்றோம்.

முதலாவது, பெட்டியைத் திறந்ததும் போத்தலைத் திறவாதீர்கள். எந்த டாங்கி, எந்தப் போர்முனை, எந்த ஆண்டு, இயன்றால் எந்த மாதம் என்று ஒரு தாளிலே எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஒரு வரி எழுதப்பட்டதும் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இரண்டாவது, ஒட்டுமுன் துண்டுகளைச் சவர்க்கார நீரிலே கழுவி உலர்த்துங்கள். வார்ப்பச்சின் எண்ணெய் அவற்றிலே ஒட்டியிருப்பின் பூச்சு பிடியாது. அதன்பின் ஒரு மெல்லிய அடிப்பூச்சு. அதற்குமேல் நிறத்தை ஒரே தடவையிலே தடிப்பாக அப்பாமல், மெல்லியதாக இரண்டு மூன்று தடவை, ஒவ்வொன்றும் நன்கு காய்ந்தபின் பூசுங்கள்.

மூன்றாவது, வர்ணம் கலந்ததும் அதனை ஓர் அட்டைத் துண்டிலே தடவிக் காயவிட்டு, பகல் வெளிச்சத்திலும் இரவு விளக்கிலும் பாருங்கள். ஈரத்திலே ஒரு நிறமாயிருப்பது காய்ந்தபின் வேறாகும். வெயிலிலே பொருந்துவது மின்விளக்கிலே பொருந்தாது. மாதிரியை எங்கே வைக்கப்போகின்றீர்களோ அந்த வெளிச்சத்திலே பார்த்து முடிவு செய்யுங்கள்.

நான்காவது, ஆயத்த நிறங்கள் போத்தலிலே கிடைக்கின்றன. தமியா கம்பனியாரின் எக்ஸ்.எஃப். 63 ஜேர்மன் சாம்பல், எக்ஸ்.எஃப். 60 கடும் மஞ்சள். வாங்க இயலாதவர் வருந்த வேண்டியதில்லை. கறுப்புடன் வெள்ளையும் சிறிது நீலமும் கலந்தால் கடுஞ் சாம்பலுக்கு அணித்தாய் வரும். காவி மஞ்சளுடன் வெள்ளையும் சிறிது கபிலமும் ஒரு துளி பச்சையும் சேர்த்தால் கடும் மஞ்சள். ஒரே தடவையில் போதிய அளவு கலந்துகொள்ளுங்கள். குறைந்தால் மீண்டும் அதே நிறம் வராது.

ஐந்தாவது, டாங்கியின் உட்புறத்தை மறவாதீர்கள். திறந்த மூடியினூடாக உள்ளே தெரியுமாயின், மேற்பகுதிச் சுவருக்குத் தந்தத்தின் வெண்மை, தரைக்குச் செந்நிற அடிப்பூச்சு என்பது பொதுவழக்கு. இருண்ட இரும்புக் கூட்டினுள்ளே ஒளியைப் பெருக்குவதற்காகவே வெண்மை பூசப்பட்டது. வெளியே பூசியதெல்லாம் மற்றவர் காணாதிருக்க. உள்ளே பூசியது தாம் காண்பதற்காக.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. எனாமல் பூச்சும் அதனைக் கரைக்கும் டர்பன்டைன் போன்றவையும் ஆவியாகி மூச்சிலே கலப்பவை; எளிதில் தீப்பற்றுபவை. சன்னலைத் திறந்து வைத்து, அடுப்புக்கும் விளக்குச் சுடருக்கும் அப்பால் இருந்து வேலை செய்யவேண்டும். சிறுவர்க்கு நீரிலே கரையும் அக்றிலிக் பூச்சே ஏற்றது. தூரிகையை வாயில் வைத்துக் கூராக்கும் பழக்கத்தை முதல் நாளிலேயே தடுத்துவிடுங்கள்.

இறுதியாக ஒன்று

இந்த டாங்கிகள் யாருடையவை என்பதை மறந்துவிட்டு நிறத்தை மாத்திரம் பேசுவது நேர்மையாகாது. ஹிட்லரின் ஆட்சி அயல் நாடுகளை அடிமைப்படுத்தவும், கோடிக்கணக்கான மக்களை மாய்க்கவும் நடத்திய போரின் கருவிகள் இவை. ஜேர்மனியிலே அவ்வாட்சியின் சுவஸ்திகாச் சின்னத்தைப் பொதுவிலே காட்டுவது சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. அங்கே விற்கப்படும் மாதிரிப் பெட்டிகளிலும் அச்சின்னம் விலக்கப்படுகின்றது. டாங்கியின் இரும்பை வியப்பது வேறு, அதனை ஏவிய கையைப் போற்றுவது வேறு என்பதைப் பிள்ளைகளுக்கு எடுத்துரைக்கும் கடமை பெரியோருக்கு உண்டு. யுத்தத்தின் ஓசையைத் தம் காதாற் கேட்டோர் வாழும் வீடுகளிலே இதனை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

அப்படியாயின் இம்மாதிரிகளைச் செய்யத்தான் வேண்டுமா? செய்யலாம் என்பதே எமது கருத்து. ஆனால் உள்ளபடி செய்யவேண்டும். தூசியின்றி, கீறலின்றி, மினுமினுக்கும் டாங்கி, போர் என்பது அணிவகுப்பு என்று பொய் சொல்லும். உரிந்த சுண்ணாம்பும், சேறு அப்பிய சிலுவையும், அரைகுறையாய் விடப்பட்ட செந்நிற அடிப்பூச்சும் உண்மை சொல்லும். டைகரினுள்ளே ஐந்து மனிதர் இருந்தனர். அதன் பீரங்கிக்கு எதிரேயும் மனிதரே இருந்தனர். பார்ப்பவர் மனத்திலே அந்த எண்ணம் எழுமாறு பூசியவனே சரியான வர்ணத்தைத் தெரிந்தவன்.

ஆகவே அடுத்த முறை வீட்டிலே, "சாம்பலா, மஞ்சளா?" என்ற வழக்கு எழுந்தால், தந்தையாரும் தமையனும் தம்பியும் ஒருவரையொருவர் கடிந்துகொள்ளாமல் ஒரே கேள்வியைக் கேட்பார்களாக: "எந்த ஆண்டு? எந்த இடம்? அதற்கு என்ன சான்று?" டாங்கி மாதிரிக்கு மாத்திரமன்றி, காதிலே விழும் எந்தச் செய்திக்கும் இக்கேள்வி பொருந்தும். அப்பழக்கம் ஒரு பிள்ளைக்கு வாய்க்குமாயின், அந்தப் பிளாஸ்டிக் பெட்டிக்குக் கொடுத்த காசு வீண்போகவில்லை.